ஆறு பேரோடு நடக்கும் பழைய கேம்கள் இன்னும் ஏன் இழுக்கின்றன? விளையாடும் வழிகளும் இங்கேயே கதைப்போம்

பம்பலப்பிட்டிப்_பகடை (1)

ஆறு பேர் அணியொன்றை நாமே நடத்தும் கணினிக் கேம்களைச் சொல்கிறேன். பால்டர்ஸ் கேட் 1998 டிசம்பரில் வந்தது. பூல் ஆஃப் ரேடியன்ஸ் 1988. விசார்ட்ரி 1981. இவற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் "சின்ன வயது ஞாபகம், அதுதான் இனிக்குது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சரியான காரணமாக இருந்தால் அந்தக் காலத்து எல்லாக் கேமும் இழுக்க வேண்டும். இழுப்பதில்லை. அதே ஆண்டுகளில் வந்த எத்தனையோ கேம்களை இன்று பத்து நிமிஷம் தாங்க முடியாது. ஆனால் அணியாக விளையாடும் இந்த வகை மட்டும் 640க்கு 480 திரையிலும் பிடித்து இருத்திவிடுகிறது.

என் கருத்து இதுதான். இந்தக் கேம்களில் சண்டை நடப்பது சண்டை தொடங்க முன்னம். யார் முன்னுக்கு நிற்பது, மந்திரவாதி காலையில் எந்த மந்திரத்தை மனனம் செய்து வைப்பது, எத்தனை அம்பு மிச்சம், கள்ளன் பொறியைத் தேடி முடித்தானா என்பதெல்லாம் கதவைத் திறக்க முதலே தீர்மானமாகிவிடும். கதவு திறந்த பிறகு நடப்பது அந்தத் தீர்மானத்தின் விளைவு. கை வேகம் வேண்டாம். இடைவெளிப் பொத்தானை அமுக்கினால் உலகம் நின்றுவிடும். அந்த நின்ற நேரத்தில் ஆறு பேருக்கும் ஆறு கட்டளை கொடுக்கலாம். ஆறுதலாக யோசிக்க இடம் தந்த கேம்கள் இவை. மனம் திரும்பிப் போவது அந்த இடத்துக்குத்தான், படத்துக்கு இல்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களும் கேட்கலாம்.

முதல்_மட்டம் (2)

அண்ணா, இரண்டு கேள்வி. பால்டர்ஸ் கேட் மேம்படுத்திய பதிப்பில் ஃபிரெண்ட்லி ஆர்ம் இன் விடுதிப் படிக்கட்டில் நிற்கும் மந்திரவாதி முதல் மட்ட அணியை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறான். வழி என்ன? மற்றது, கவச எண் (அடி படாமல் காக்கும் அளவு) குறையக் குறைய நல்லது என்று கையேட்டில் இருக்கிறது. அது ஏன் தலைகீழ்?

ஆறுபேர்_அணி (3)

இரண்டாவது கேள்வியை முதலில் எடுப்போம், அது விளங்கினால் பாதிக் கேம் விளங்கிவிடும்.

இது ஏடி அண்ட் டி (அட்வான்ஸ்ட் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு) இரண்டாம் பதிப்பு விதி. ஒவ்வொருவருக்கும் தாக்கோ என்று ஒரு எண் உண்டு. கவச எண் 0 உள்ள எதிரியில் அடி பட, இருபதுமுகப் பகடையில் விழவேண்டிய எண் அது. கணக்கு இவ்வளவுதான்: உங்கள் தாக்கோவிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழியுங்கள். வரும் எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் அடி பட்டது.

முதல் மட்ட வீரனின் தாக்கோ 20. எதிரியின் கவச எண் 5. 20 கழித்தல் 5, 15. பகடையில் 15 முதல் 20 வரை ஆறு முகம், ஆகவே 30 சதவீதம். அதே வீரன் 7ஆம் மட்டத்தில் தாக்கோ 14 ஆவான். தேவை 9, வாய்ப்பு 60 சதவீதம். வலிமை 18/00, அதாவது மனிதருக்கான உச்சம், உள்ளவனுக்கு அடிக்க 3 கூடுதல்; தேவை 6க்கு இறங்கும், 75 சதவீதம்.

இனி இதைத் திருப்பிப் பாருங்கள். பிளேட் மெயில் போட்டால் கவச எண் 3. நடுத்தரக் கேடயம் 1 குறைக்கும். சுறுசுறுப்பு 18 என்றால் இன்னும் 4 குறையும். மொத்தம் கழித்தல் 2. தாக்கோ 20 உள்ள எதிரிக்கு 22 விழவேண்டும். பகடையில் 22 கிடையாது. இயல்பான 20 விழுந்தால் எப்போதும் படும் என்ற விதியால் மட்டும் 5 சதவீதம் மிஞ்சும். இப்படி ஒருவரை ஒடுக்கமான வாசலில் நிறுத்தினால் பின்னால் நிற்கும் நாலு வில்லும் வேலையை முடிக்கும். தலைகீழ் என்று தோன்றுவது பழக்கம் இல்லாததால்தான். தாயத்தில் ஒன்று விழுந்தால்தானே காய் இறங்குகிறது, அதை யாரும் தலைகீழ் என்பதில்லை.

படிக்கட்டு மந்திரவாதிக்கு வருவோம். அவன் முதலில் மிரர் இமேஜ் போட்டுத் தன் உருவத்தைப் பலவாக்குவான்; அதன் பிறகு உங்கள் அடியெல்லாம் போலி உருவங்களில் விழும். அடுத்தது ஹொரர், அணி பயந்து சிதறும். சிதறியவர்களை மஜிக் மிசைலால் ஒவ்வொருவராக எடுப்பான். ஆகவே காலம் மிக முக்கியம். மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது காயம் பட்டால் அந்த மந்திரம் கலைந்துவிடும், இதுதான் சாவி. தொடக்கத்திலேயே கூட வரும் தோழி இமோயனின் பையில் மஜிக் மிசைல் கோல் ஒன்று இருக்கிறது. படியேற முன்னம் அதை அவளின் விரைவுப் பெட்டிக்கு மாற்றுங்கள். அவன் பேசி முடித்துச் காலடியில் எதிரி என்று காட்டும் சிவப்பு வட்டம் வந்தவுடன் நிறுத்தி, இமோயனுக்குக் கோல், மற்றவர்களுக்கு வில் அல்லது கவண். ஒருவரும் கிட்டக் கிட்ட நிற்க வேண்டாம். ஹொரர் பரப்பில் படும் மந்திரம், பிரிந்து நின்றால் எல்லோரும் அகப்படமாட்டார்கள். சண்டையை விடுதிக் காவலர்கள் நிற்கும் பக்கத்துக்கு இழுத்தால் அவர்களும் சேர்ந்து அடிப்பார்கள்.

பின்னால் பூசகர் ஒருவர் சேர்ந்ததும் ரிமூவ் ஃபியர் மந்திரத்தை எப்போதும் ஒன்று மனனத்தில் வைத்திருங்கள். முதல் மட்டப் பூசகர் மந்திரம் அது. பலர் அந்த இடத்தையும் காயம் ஆற்றும் மந்திரத்தால் நிரப்பிவிட்டுத் திண்டாடுகிறார்கள்.

கொட்டாஞ்சேனைக்_குகை (4)

பகடை சொன்ன "சண்டைக்கு முன்னமே முடிவு" என்பதில் பாதிதான் உடன்பாடு. எட்டு மணித்தியாலம் உறங்கு என்ற பொத்தான் அந்தத் தீர்மானத்தையெல்லாம் வீணாக்குகிறது. ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு உறங்கினால் மந்திரம் எல்லாம் திரும்பி வரும். அப்படியென்றால் எதைச் சேமிப்பது, எதைச் செலவழிப்பது என்ற கேள்வியே இல்லை. பழசு என்பதற்காக இந்த ஓட்டையை மறைக்கக் கூடாது.

பம்பலப்பிட்டிப்_பகடை (5)

ஓட்டை இருப்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுதாகத் திறந்த ஓட்டை இல்லை. காட்டில் உறங்கினால் இடையில் தாக்க வருவார்கள். அப்போது மந்திரமும் திரும்பாது, காயமும் ஆறாது, முன்னைவிட மோசமான நிலையில் எழும்புவீர்கள். இரண்டாவது, சில தோழர்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மின்ஸ்க் என்ற வீரன், தான் காக்கும் டைனாஹெயரை மீட்க நோல் கோட்டைக்குப் போகச் சொல்லுவான்; இழுத்தடித்தால் அணியை விட்டுப் போய்விடுவான்.

அது போதாது என்றால் நாமே ஒரு கட்டுப்பாடு போடலாம்: ஒரு நிலத்தடி மாடிக்கு ஒரு உறக்கம், அதுவும் வாசல் உள்ள அறையில் மட்டும். இந்த ஒரு விதி சேர்ந்தவுடன் கேம் வேறாகிவிடும். முதல் மட்ட மந்திரவாதிக்கு ஒரே ஒரு மந்திரம், சிறப்புத் துறை எடுத்தவனுக்கு இரண்டு. அதை எதிரியை உறங்கவைக்கும் ஸ்லீப்பில் போடுவதா, கவசத்தில் போடுவதா என்பது அப்போதுதான் உண்மையான கேள்வி. பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி 2015இல் இதே ஓட்டையை அடைக்கத்தான் உறங்கத் தேவையான முகாம் பொருட்களை எண்ணிக் கொடுத்தது. கடின மட்டத்தில் ஒரே நேரத்தில் 2தான் கொண்டுபோகலாம்.

பூசகரின் ஞானத்தையும் கவனியுங்கள். ஞானம் 18 என்றால் முதல் மட்ட மந்திரங்களில் 2, இரண்டாம் மட்டத்தில் 2, மூன்றில் 1, நாலில் 1 என மந்திரம் கூடுதலாகக் கிடைக்கும். உறக்கத்தைக் குறைத்து விளையாடுபவருக்கு இது ஒரு வாளைவிடப் பெறுமதி.

பழைய_வரைபடம் (6)

எல்லோரும் 1998இலிருந்து தொடங்குகிறீர்கள். அதற்குப் பதினேழு வருஷம் முன்னமே விசார்ட்ரி ஆறு பேரை நிலத்துக்குக் கீழே இறக்கிவிட்டது. முன் மூவர் வாளால் அடிக்கலாம், பின் மூவருக்கு வாள் எட்டாது. இன்றைக்கும் நாம் போடும் அணிவகுப்பின் அச்சு அதுதான்.

அதன் ஈர்ப்பு எங்கே என்று கேட்டால் காகிதத்தில் என்பேன். பத்து மாடி, ஒவ்வொன்றும் 20க்கு 20 கட்டம். கேம் வரைபடம் தராது, நீங்கள் வரைய வேண்டும். சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்று போதும். புறக்கோட்டையில் எந்தக் கொப்பிக் கடையிலும் கிடைக்கும். ஒரு பக்கத்தில் ஒரு மாடி. வரைய முன்னம் இந்தப் பொறிகளை அறிந்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் மாடிக்குப் பிறகு உங்கள் வரைபடம் பொய் சொல்லத் தொடங்கும்.

மாடியின் விளிம்பு சுற்றிக்கொண்டு மறுபக்கம் வரும். கிழக்கே 19ஆம் கட்டத்திலிருந்து ஒரு அடி வைத்தால் 0இல் நிற்பீர்கள். ஆகவே கட்டங்களை 0 முதல் 19 வரை இலக்கமிடுங்கள், 1இலிருந்து வேண்டாம். சுழற்றும் கட்டங்கள் உண்டு. மிதித்ததும் முகம் வேறு திசைக்குத் திரும்பும், ஆனால் திரையில் ஒரு அடையாளமும் இராது. இருட்டுக் கட்டங்களில் சுவரே தெரியாது. சந்தேகம் வந்தால் டூமாபிக் மந்திரம்: நிற்கும் கட்டத்தின் எண்ணையும் பார்க்கும் திசையையும் சொல்லும். முதல் மட்ட மந்திரம்தான். ஒரு இறக்கத்துக்கு ஆகக் குறைந்தது இரண்டு மிச்சம் வையுங்கள்: ஒன்று போகும் வழிக்கு, ஒன்று திரும்பும் வழிக்கு.

வரையும்போது பென்சில்தான், பேனை வேண்டாம். உறுதியான சுவருக்கு முழுக்கோடு, ஊகித்த சுவருக்குப் புள்ளிக்கோடு. சுழற்றும் கட்டத்துக்கு வட்டம். அணி தொலைந்தால் கடைசியாக உறுதிப்பட்ட கட்டத்திலிருந்து புதுப் பக்கத்தில் தொடங்குங்கள், பழையதன் மேல் அழித்து எழுதப் போனால் இரண்டும் போகும்.

மலோர் மந்திரத்தால் கட்ட எண் கொடுத்து இடம் மாறலாம். எண் பிழைத்துக் கல்லுக்குள் போனால் அணி முழுவதும் போச்சு. நடந்ததை அப்போதே வட்டில் எழுதிவிடும் கேம் அது, பழைய சேமிப்புக்குத் திரும்ப வழி வைக்கவில்லை. கடுமைதான். ஆனால் ஒரு மாடியின் எல்லாச் சுவரும் பொருந்தி வரைபடம் மூடுகிற கணத்தில் கிடைக்கும் நிறைவை, தானாக வரையும் வரைபடம் எதுவும் தந்ததில்லை.

வெள்ளவத்தை_வில்லாளி (7)

வரைபடம் ஐயா சொன்னதோடு ஒன்று. எஸ்எஸ்ஐ நிறுவனத்தின் பூல் ஆஃப் ரேடியன்ஸில் கதையின் பெரும்பகுதி தாளில்தான் இருந்தது. திரையில் "குறிப்பேட்டில் இத்தனையாம் பதிவைப் படி" என்று மட்டும் வரும். பெட்டியோடு வந்த குறிப்பேட்டைத் திறந்து அந்த எண்ணைத் தேட வேண்டும். முன்னமே எல்லாவற்றையும் வாசித்துவிடாதபடி பொய்ப் பதிவுகளும் கலந்திருந்தன. வட்டில் இடம் போதாததால் பிறந்த உத்தி, ஆனால் கேமின் பாதி மேசையில் கிடந்தது என்ற உணர்வை அது கொடுத்தது.

பழைய டொஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டொஸ்பொக்ஸ் நிரலில் அதை ஓட்டுபவர்களுக்கு: சுழற்சி வேகத்தைத் தானாக விடாதீர்கள். அமைப்புக் கோப்பில் சுழற்சியை நிலையாக 3000 அளவில் வைத்துத் தொடங்குங்கள். ஓடும்போதே கன்ட்ரோலும் எஃப்11உம் குறைக்கும், கன்ட்ரோலும் எஃப்12உம் கூட்டும். வேகம் கூடிப்போனால் எதிரிகளின் செய்திகள் வாசிக்க முதல் பறந்துவிடும், சண்டையில் என்ன நடந்தது என்றே தெரியாது. மற்றது, அந்த முதல் கேமில் மனனம் செய்வதும் காயம் ஆற்றுவதும் ஒவ்வொரு ஆளாகக் கையால் செய்ய வேண்டும். ஒரே கட்டளையில் எல்லோரையும் ஆற்றும் வசதி 1989இல் வந்த கேர்ஸ் ஆஃப் தி அஷ்யர் பொண்ட்ஸில்தான் சேர்ந்தது. அணியை ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கொண்டுபோகலாம் என்பதால் தொடரை வரிசையாகவே விளையாடுங்கள்.

முதல்_மட்டம் (8)

ஆறுபேர்_அணி அண்ணா, கோல் வேலை செய்கிறது. நன்றி.

வீட்டில் பால்டர்ஸ் கேட்டின் பழைய ஐந்து இறுவட்டுப் பெட்டி இருக்கிறது. அதை இப்போதைய விண்டோஸில் ஓட்டலாமா?

கொட்டாஞ்சேனைக்_குகை (9)

ஓட்டலாம், ஆனால் முதலில் இறுவட்டுகளைப் பாருங்கள். கொழும்பு ஈரக்காற்றில் மூடிய பெட்டிக்குள் வருஷக்கணக்காகக் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மங்கல் புள்ளியாகத் தெரியும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி வாசிக்க முடியாமல் போகும். படம் அச்சிட்ட பக்கத்தில் பூச்சு உரிந்திருந்தால் அந்தத் தட்டு திரும்பாது. மடிக்கணினியில் தட்டு வாசிப்பான் இல்லையென்றால் யூஎஸ்பியில் பொருத்தும் வாசிப்பான் போதும். யுனிட்டி பிளாசாவில் ஒரு சுற்று நடந்தால் புதிதும் பாவித்ததும் பார்க்கலாம். வாங்க முன்னம் உங்கள் தட்டு ஒன்றையே போட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

வாசிக்க முடிந்தால் செய்ய வேண்டியது இது. வன்தட்டில் 4 ஜிகாபைட் இடம் ஒதுக்குங்கள். கேமை புரோகிராம் ஃபைல்ஸ் அடைவுக்குள் நிறுவ வேண்டாம். விண்டோஸ் அங்கே எழுத விடாது, அல்லது சேமிப்புகளை வேறொரு மறைவான இடத்துக்குத் திருப்பிவிடும். பிறகு "சேமித்ததைக் காணவில்லை" என்று தேடவேண்டி வரும். சி வட்டில் நேரே ஒரு அடைவு திறந்து அதில் நிறுவுங்கள். ஐந்து தட்டின் தரவையும் அதற்குள் ஐந்து துணை அடைவாகப் பிரதி எடுங்கள். பிறகு பால்டர் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பாதை வரி இருக்கும். அவற்றை இந்த அடைவுகளுக்கு மாற்றினால் ஊர் மாறும்போதெல்லாம் தட்டு மாற்றச் சொல்லிக் கேட்காது.

நிறம் கலங்கினாலோ, சுட்டி இழுபட்டாலோ, காரணம் திரையில் படம் வரையும் பழைய டைரக்ட்டிரோ முறை. டிஜிவூடூ போன்ற இடையாள் கோப்பைக் கேம் அடைவுக்குள் போட்டால் சரிவரும். ஒடுக்கமான பாதையில் ஆட்கள் ஒருவரையொருவர் முட்டி எதிர்த்திசைக்கு ஓடுவது உங்கள் கணினியின் பிழை இல்லை. அக்காலச் செயலிக்காக வழிதேடும் முனைகளைக் குறைத்து வைத்திருந்தார்கள். அதே ஐஎன்ஐ கோப்பில் அதை 32000க்கு உயர்த்துங்கள். கேமில் வரும் ஃபயர்வைன் பாலத்துக்குக் கீழே உள்ள ஒழுங்கைகளில் இது பெரிய வித்தியாசம். அங்கே அணிவகுப்பையும் ஒற்றை வரிசைக்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் பெட்டி மேல் பாசம் உள்ளவருக்கு. கேம்தான் வேண்டும் என்றால் 2012இல் பீம்டாக் வெளியிட்ட மேம்படுத்திய பதிப்பு நேரே ஓடும், அண்ட்ரொய்டு கைபேசியிலும் கிடைக்கும். இங்கிருந்து வாங்கும்போது விலை டொலரில். உங்கள் அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் முதலே கேளுங்கள்.

வெள்ளவத்தை_வில்லாளி (10)

மேம்படுத்திய பதிப்பில் மொட் (ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பு) போடுபவர்களுக்கு அதிகம் நடக்கும் நாலு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

இணையக் கடைகளான ஸ்டீமோ ஜிஓஜியோ கேமைத் தானாகப் புதுப்பித்தால் நிறுவிய மொட் எல்லாம் உடையும்; ஆகவே கேம் அடைவு முழுவதையும் வேறிடத்துக்குப் பிரதி எடுத்து அந்தப் பிரதியில் மட்டும் கை வையுங்கள். சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியர் தொடர்ச்சி ஒற்றைச் சுருக்கக் கோப்பாக வருவதால் மொட்டுகளுக்கு உள்ளே இருப்பது தெரியாது. அதை விரித்து இணைக்கும் கருவியை முதலில் ஓட்ட வேண்டும். வெய்டியூ என்ற கருவியால் போடும் மொட்டுகள் நிறுவும் ஒழுங்கில் ஒன்றின் மேல் ஒன்று அமரும். நடுவில் ஒன்றைக் கழற்றினால் மேலுள்ளவற்றையெல்லாம் கழற்றித் திரும்பப் போடும். கடைசியானது மிக முக்கியம்: பாதி விளையாடிய சேமிப்பில் மொட் சேர்க்காதீர்கள். சேமிப்புக் கோப்பில் வசனங்கள் எழுத்தாக இல்லை, வசன எண்ணாக இருக்கின்றன. மொட் மாறினால் எண் மாறும், வாளின் பெயர் இருந்த இடத்தில் யாரோ ஒருவரின் வசனம் வந்து நிற்கும்.

தெமட்டகொடை_தட்டச்சு (11)

வசன எண் என்று வில்லாளி நானா தொட்டதால் கேட்கிறேன். அந்த வசனம் எல்லாம் டயலொக் டிஎல்கே என்ற ஒரே கோப்பில்தானே இருக்கு. அதைத் தமிழாக்கினால் தமிழில் பால்டர்ஸ் கேட் விளையாடலாமா? இந்தக் கேம்களின் உயிரே வாசிப்பு. குரல் சில வரிக்குத்தான், மிச்சமெல்லாம் எழுத்து. அது தமிழில் வந்தால் எப்படி இருக்கும்!

பழைய_வரைபடம் (12)

தம்பி, நல்ல கேள்வி. எழுத்துரு, இலக்கணம் என்று இரண்டு தடை. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

எழுத்துரு: மேம்படுத்திய பதிப்பின் கோப்பு யூனிகோடை ஏற்கும், யூடிஎஃப்-8 முறை, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஆனால் யூனிகோட் தமிழுக்கு எழுத்தைக் கோத்துக் காட்டும் பகுதி வேண்டும். "கெ" என்பதில் க முதலில் சேமிக்கப்படுகிறது, கொம்பு பிறகு. திரையில் கொம்பு முன்னுக்கு வரவேண்டும். "கொ" இரண்டு பக்கமும் பிரியும். கோக்கும் வேலை தெரியாத எந்த இயந்திரத்திலும் கொம்பு பின்னால் தொங்கும். ஆகவே ஒரு வசனமும் மொழிபெயர்க்க முன்னம் "கொக்கு, கேணி, மௌனம்" என்று ஒரு வரியை மட்டும் போட்டுத் திரையில் பாருங்கள்.

1998 மூலப் பதிப்பில் ஒரு சுற்றுவழி உண்டு. அது ஒரு எழுத்துக்கு ஒரு பைட். எழுத்துரு என்பது 256 இடம் கொண்ட படத் தொகுப்பு. அது நம்மவர்களுக்குப் புதிதில்லை, பழைய பாமினி எழுத்துரு இதே வேலையைத்தான் செய்தது. பாமினியில் கொம்பு தனி எழுத்து, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே தட்டச்சாகிறது; கோக்கும் வேலையே இல்லை. பாமினி உருவங்களைப் படத் தொகுப்பாக்கி அந்த இடங்களில் வைத்து, வசனங்களைப் பாமினியில் எழுதினால் கேம் தமிழ் காட்டும்.

தெமட்டகொடை_தட்டச்சு (13)

பாமினி விசைப்பலகை தெரிந்தவர் என்ற முறையில் அதில் மூன்று இடறல் தெரிகிறது, நானா.

ஒன்று, பாமினியில் ஈ இருப்பது இடப்பக்கக் கோணக் குறியில். ஆனால் கேம், வீரரின் பெயர் வரவேண்டிய இடத்தைக் கோணக் குறிக்குள்தான் எழுதி வைக்கிறது. ஈ வரும் ஒவ்வொரு வசனத்திலும் இயந்திரம் அதை இடக்குறி என்று எண்ணித் தடுமாறும். வலப்பக்கக் கோணக் குறியும் பாமினியில் காற்புள்ளி. ஆகவே இந்த இரண்டையும் 128க்கு மேலுள்ள வெற்றிடத்துக்கு நகர்த்த வேண்டும். இரண்டு, சாய்கோட்டில் ஃ இருக்கிறது. உயிர்ப்புள்ளி 12/12 என்று காட்டும் இடமெல்லாம் 12ஃ12 ஆகும். அதையும் நகர்த்துங்கள். மூன்று, ஆங்கிலத்தில் விட்ட சொல் எல்லாம் குழம்பும்: இமோயன் பெயரை மாற்றாமல் விட்டால் ஐ, அ, ழ, ந என்று தொடங்கும். பெயர், ஊர், மந்திரம் ஒன்றையும் விடாமல் மாற்ற வேண்டும்.

நல்லது ஒன்றும் உண்டு. விளையாடுபவர் தன் பெயரைப் பாமினி விசை ஒழுங்கில் அடித்தால் அதுவும் தமிழிலேயே விழும்.

ஆறுபேர்_அணி (14)

இலக்கணத் தடை இதைவிடப் பெரிது. இடக்குறியில் பெயர் அப்படியே வந்து ஒட்டும். "மாறன்" என்று பெயர் வைத்தவரிடம் "மாறன்ஐக் கண்டேன்" என்று கேம் சொல்லும். "வள்ளி" என்றால் "வள்ளிஐ". தமிழில் வேற்றுமை உருபு பெயரின் கடைசி எழுத்தோடு புணரும், இயந்திரத்துக்கு அது தெரியாது. ஆகவே பெயர் எழுவாயாகவோ விளியாகவோ வரும்படி வசனத்தைத் திருப்பி எழுத வேண்டும்: "மாறன், உம்மைத்தான் தேடி வந்தோம்."

ஆண், பெண் வேறுபாட்டுக்குப் பெண் வீரருக்கென்று இரண்டாவது வசனக் கோப்பை வைக்க இந்த இயந்திரம் இடம் தருகிறது. ஆனால் நம் மொழியில் முன்னிலைக்குப் பால் இல்லை, "வந்தாய்" இருவருக்கும் பொது. படர்க்கையில் "வந்தார்" என்று மரியாதையோடு எழுதினால் பெரும்பாலும் ஒரே கோப்பே போதும்.

இங்கே நமக்கு ஒரு கொடை இருக்கிறது: "நீர்". ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். விடுதிக்காரன் "நீங்கள்" என்பான், கொள்ளைக்காரன் "நீ" என்பான், வளர்த்த கோரியன் "பிள்ளை" என்று அழைப்பார். அணியில் சேரும் ஜஹெய்ராவும் காலிதும் வயதில் மூத்தவர்கள், வீரரை முன்பின் தெரியாதவர்கள், ஆனால் சமமாக நடக்கப் போகிறவர்கள். அவர்கள் வாயில் "நீர்" அச்சாகப் பொருந்தும். பயணம் நீண்டு நெருக்கம் கூடியதும் அதே ஜஹெய்ரா "நீ"க்கு இறங்கும் ஒரு வரி போதும், பத்து வரி விளக்கம் தேவையில்லை.

கொட்டாஞ்சேனைக்_குகை (15)

அந்த ஜஹெய்ரா உதாரணம்தான் என்னை முதல் கேள்விக்குத் திரும்பக் கொண்டுபோகிறது. ஆறு பேர் என்ற எண்ணிக்கை ஏன் வேலை செய்கிறது? முதல் பால்டர்ஸ் கேட்டில் சேர்க்கக்கூடியவர்கள் 25 பேர், நமக்கு ஐந்து இடம். அதிலும் சிலர் சோடி: காலிதை அனுப்பினால் ஜஹெய்ராவும் போவாள், ஸார் போனால் மொண்டரோனும் போவான். புகழ் மிகவும் உயர்ந்தால் தீயவர்கள் விலகுவார்கள், தாழ்ந்தால் நல்லவர்கள். ஆகவே யாரை விடுவது என்பது எப்போதும் வலிக்கும் முடிவு. 2023இல் வந்த மூன்றாவது கேம் அருமையானது, ஆனால் அணி நாலு பேர். நாலு பேரில் வீரன், கள்ளன், பூசகர், மந்திரவாதி என்று இடம் முடிந்துவிடும். ஐந்தாவதும் ஆறாவதும்தான் ஆசைக்கான இடம். பாணன் ஒருவனையோ, அவ்வளவு பயனில்லாத ஆனால் பேச்சுப் பிடித்த ஒருவரையோ வைத்திருக்கலாம்.

பம்பலப்பிட்டிப்_பகடை (16)

குகை சொன்னதோடு முழு உடன்பாடு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: நாலு பேர் கேமில் ஒவ்வொருவருக்கும் முறை வைத்துச் சண்டை நடப்பதால் ஆறு பேர் என்றால் நேரம் இழுபடும். பழைய கேமில் ஒரு சுற்று 6 விநாடி, எல்லோரும் ஒரே நேரத்தில் அசைவார்கள், வேண்டிய இடத்தில் நாம் நிறுத்துவோம். எண்ணிக்கையும் நிறுத்தும் முறையும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஒன்றை எடுத்தால் மற்றது விழும்.

முதல்_மட்டம் (17)

தானாக நிறுத்தும் அமைப்பில் எதையெதை வைக்க வேண்டும்? எல்லாவற்றையும் வைத்தால் ஒவ்வொரு விநாடியும் நிற்கிறது.

ஆறுபேர்_அணி (18)

நாலு போதும். எதிரி கண்ணில் பட்டால். பொறி தெரிந்தால். ஆயுதம் பாவிக்க முடியாமல் போனால். முதல் கேமில் இரும்பு கெட்டுப்போன கதை என்பதால் சாதாரண இரும்பாயுதம் சண்டை நடுவில் உடையும், அம்பும் தீரும். இலக்கு விழுந்தால், இல்லாவிட்டால் அடித்தவர் சும்மா நிற்பார். சுற்று முடிவில் நிறுத்துவதை எடுத்துவிடுங்கள், அதுதான் உங்களைத் திணறடிப்பது.

கள்ளனுக்குப் பொறி தேடுதலை இயக்கிவிட்டு ஒரு சுற்று, அதாவது 6 விநாடி, அசையாமல் பொறுக்க வேண்டும். சோதனை அவ்வளவு நேரத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். கதவடியில் பத்து எண்ணுங்கள், பிறகு திறவுங்கள். மற்றவர்கள் பின்னால் நிற்கட்டும்.

நாஷ்கெல் சுரங்கத்துக்கு இறங்க முன்னம் ஆளுக்கு ஒரு மாற்று ஆயுதமும், வில்லாளிக்கு ஆகக் குறைந்தது 80 அம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேமில் வில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எய்யும், நினைப்பதைவிடக் கெதியாகத் தீரும்.